முப்பத்தேழு டிகிரி

பத்தொன்பது நாளாகக் கல்லூரி ஆய்வகத்தின் சூட்டுப்பெட்டி, இன்குபேட்டர், பூட்டிக் கிடந்தது. சாவி பேராசிரியர் கிளெமென்ட் சாரின் சட்டைப் பையில்.

"உள்ள என் ஆராய்ச்சி ஓடுது. யாரும் கை வைக்கக் கூடாது."

அதற்கு மேல் கேட்க வினோலியாவுக்கு வாய் வரவில்லை. சீழ்க்கிருமி தடவிய தட்டில் குப்பைமேனிச் சாறு வைத்து, முப்பத்தேழு டிகிரியில் ஒரு நாள் வைக்க வேண்டும். நாளை மறுநாள் தேர்வு. இந்த முடிவு இல்லாமல் எம்.எஸ்ஸி. இல்லை.

மூன்று தட்டுகளையும் வேடசந்தூருக்கு, வீட்டுக்கே கொண்டு போனாள்.

முதல் தட்டைச் சூடான டிவி மேல் வைத்தாள். படம் ஆடுகிறதென்று அப்பா டிவியை ஓங்கித் தட்டினார். தட்டு கீழே விழுந்து உடைந்தது.

இரண்டாவதைச் சோற்றுப் பானை மூடிமேல் வைத்தாள். தட்டிலிருந்த கூழ் உருகி ஓடியது.

மூன்றாவதோடு கோழிக் கூடைக்குப் போனாள். அடைக்கோழி கையில் நான்கு கொத்து கொத்தியது.

"அடியே, கோழிக்கடியில என்னத்தச் சொருகுற?" என்றாள் அம்மா.

"சீழ்க்கிருமிம்மா. டேப்பு சுத்தியிருக்கேன்."

"பொரிச்சு வந்துச்சுன்னா நீயே வளத்துக்க!"

மறுநாள் மாலை எடுத்துப் பார்த்தாள். தட்டு முழுக்கக் கிருமி. சாறு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, தெளிந்த வட்டம். ஊர் மில் வேலியோரம் யாரும் திரும்பிப் பார்க்காத செடி குப்பைமேனி. வினோலியா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேர்வன்று, தேர்வாளர் ரம்ஜான் பீவி மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எம்புட்டுச் சுத்தமா இருக்கு! செடியும் கெட்டி, நீயும் கெட்டிதான். எந்த இன்குபேட்டர்ல வச்ச?"

பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"அடைக்கோழிக்கு அடியில மேடம்."

கிளெமென்ட் சார் எழுந்தே விட்டார். "கோழியா! அறிவியல்னா உனக்கு விளையாட்டாப் போச்சா? மேடம், இத ஏத்துக்கவே கூடாது. பெயில் போடுங்க!"

மேடத்தின் பேனா மதிப்பெண் தாளின் மேல் தயங்கி நின்றது.

பக்கத்து அறையிலிருந்து அட்டெண்டர் சடையாண்டி ஓடி வந்தார்.

"சார், வெரசா இன்குபேட்டர் சாவியக் குடுங்க! நீங்க வச்ச சண்டைக்கோழி முட்டை அம்புட்டும் பொரிச்சிருச்சு, உள்ள கத்துதுக!"