திருக்கோவிலூரிலிருந்து தினமும் ஒருவர்

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் அரங்கநாதன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கமலாவின் கணவன் கொளஞ்சியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காளும், கட்டிக்கொடுத்த மகள் மணிமொழியும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. திருக்கோவிலூரில் உங்கள் விதைக்கடையும் வீட்டாரும் நன்றாக இருக்கவேண்டும். நாலு வருஷமாகப் பேசாத மனுஷன் திடீரென்று காகிதம் போடுகிறானே என்று இதை மடித்து வைத்துவிட வேண்டாம். முழுக்கப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றபின் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று மணிமொழி போன வருஷம் ஒரு வலைப்பூ திறந்துகொடுத்தாள். இன்டர்நெட்டில் நமக்கென்று ஒரு நோட்டுப்புத்தகம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெள்ளிமலை வண்டியில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த ஆட்களைப் பற்றி வாரம் ஒன்று எழுதினேன். பாராட்டி ஒரு வரி இல்லை, திட்டிக்கூட ஒரு வரி இல்லை. நிறுத்திவிடலாம் என்றிருந்தபோது ஓரத்தில் ஒரு பட்டனைப் பார்த்து, என்னதான் இருக்கிறது என்று தொட்டேன். மச்சான், எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊர், எந்த மணிக்கு, எத்தனை நிமிஷம் இருந்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. முந்தின நாள் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். என் வண்டியில் மொத்த சீட்டே ஐம்பத்துநாலு. அமெரிக்கா, அயர்லாந்து, சிங்கப்பூர், பிரேசில் என்று போட்டிருந்தது. பிரேசிலை மணிமொழியின் பழைய அட்லஸில் தேடிப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஏனோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மறுபடி போனைத் தொட்டேன்.

மறுநாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அமெரிக்காவிலிருந்து வந்த இருநூறு பேரும் மூன்று விநாடிதான் இருந்திருக்கிறார்கள். விசில் கொடுப்பதற்குள் ஏறி இறங்கினவர்கள். அதெல்லாம் ஆளே இல்லை, ஊர் உலகத்துப் பக்கங்களையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டு போகிற எந்திரம் என்றாள் மணிமொழி. எந்திரம்கூட நம்மைத் தேடி வருகிறதே என்று எனக்கு அதுவும் மலைப்பாகத்தான் இருந்தது. மீதிப் பேர் என்ன தேடி வந்தார்கள் என்றும் அது சொன்னது. 'கள்ளக்குறிச்சி வெள்ளிமலை பஸ் டைம்.' பாவம், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார்கள், நான்தான் அதை எழுதவில்லை. அன்றைக்கே பக்கத்தின் தலையில் எல்லா டைமும் போட்டுவிட்டேன்.

அதிகம் பேர் பார்த்தது வெள்ளச்சியைப் பற்றி எழுதியதை. மலையில் சாமை போடுகிற குடும்பம். கடுக்காய் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டதற்கு, மூட்டையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்து, கைக்குழந்தைக்கு ஏது டிக்கெட் என்று என்னிடம் வாதாடினவள். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அவளைப் பார்த்திருக்கிறார்கள். இதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பஸ் ஏறி மலைக்கே போய்விட்டேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"அத்தினி பேரும் இன்னா கேட்டாங்க சார்?"

ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றேன்.

"வந்தவங்க ஒரு வார்த்த பேசாம போவாங்களா? நீங்க ஒக்கார சொல்லியிருக்க மாட்டீங்க."

மலை இறங்குகிற வரைக்கும் எனக்கு இதே நினைப்பு. ஏனென்றால் மச்சான், அறுபத்தொரு நாளாகத் திருக்கோவிலூரிலிருந்து ஒருவர் வருகிறார். காலை ஆறரை மணிக்கு வந்தால் இருபத்திரண்டு நிமிஷம். தினமும் ஒரே பக்கம். மணிமொழிக்குப் பத்து வயதில் ஜுரம் வந்து, நான் மலைமேல் டியூட்டியில் மாட்டிக்கொண்டிருந்த அடைமழையில், ஒருவர் அவளை முதுகோடு துண்டால் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அந்தப் பக்கம். பெயர் போடாமல் தாய்மாமன் என்று மட்டும் எழுதியிருந்தேன். திருக்கோவிலூரில் அதை இத்தனை தடவை படிக்க வேறு யார் இருக்கிறார்கள்? கமலாவிடம் சொன்னேன். நாலு வருஷமாக உங்கள் பெயரை எடுக்காதவள், அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான் காலையில் நடந்துவிட்டு வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கி எந்தம்பி வந்துட்டு போனானா?" என்பதுதான். வந்தார் என்று சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

ஆகவே உட்காரச் சொல்கிறேன். மணிமொழியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதற்கு அச்சகத்துக்காரர்தான் காரணம் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அது பொய். ப்ரூஃப் என் கைக்கு வந்தது. என் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற நடத்துநர்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மண்டபத்துப் படி இறங்கினபோது ஓடிவந்து கையைப் பிடித்திருக்க வேண்டும். பந்தியைக் கவனிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கடையில் வாங்கின விதையெல்லாம் பழுதில்லாமல் முளைக்கட்டும்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்.

பி.கு.: இன்று திங்கட்கிழமை. நடக்கிற வழியில் இதைத் தபாலில் போடலாம் என்று கிளம்பினவன், தடியை மறந்துவிட்டு ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்தேன். சமையற்கட்டில் கமலா அவள் போனை மாவு டப்பாமேல் சாய்த்து வைத்து, வரிக்கு அடியில் விரல் வைத்து, உதடு அசைய எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சாவது வரைதான் படித்தவள், உங்களுக்குத் தெரியும். அந்த சைக்கிள் பக்கம்தான். நான் என் போனில் பார்த்தேன். இப்போது இருப்பவர் ஒருவர், ஊர் திருக்கோவிலூர். வெளியே போய் மணிமொழியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அம்மா போனில் இருக்கிற சிம் கம்பெனி நம் ஊர் ஆட்களையெல்லாம் திருக்கோவிலூர் என்றுதான் காட்டும், இது தெரியாதா என்றாள். ஆக, நீங்கள் ஒருநாளும் வரவில்லை. மேலே நீங்கள் தினமும் வருவதாக எழுதின எல்லாமே தப்பு, ப்ரூஃப் விஷயம் மட்டும் நிஜம். அவள் படித்து முடிக்கிறவரை வாசலிலேயே நின்றேன். முந்தானையால் போனைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினவள் என்னைப் பார்த்து, "இன்னிக்கி வந்தானா?" என்றாள். "வந்துக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டேன், மச்சான்.