பிடிக்குள் இரும்பு இல்லாத கத்தி

அன்றைக்குச் சுரங்கத்துச் சோதனைக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். மரவேலை ஆளான நான், முனிரத்தினம். என்னோடு ஜோடியாக வேலை செய்த சவரிமுத்து. தன் மீசையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாத பஞ்சாப் ஜமேதார். காவலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை. கடைசியாக, உள்ளே வரவே கூடாத என் மனைவி கன்னியம்மா.

இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லக் கூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. போன பொங்கலுக்கு என் இளைய மருமகன் சொன்னபோது குதிரைப் போலீஸ்கூட வந்து நின்றுவிட்டது. (குதிரையே இல்லை. சத்தியமாக இல்லை.)

நான் பிறவியிலேயே பயந்தவன். கூரை தலையில் விழுந்துவிடும் என்ற பயத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டுவிட்டு எங்கே போய்ச் சேர்ந்தேன்? ஆயிரம் அடி பூமிக்குக் கீழே, தலைக்கு மேல் இருக்கிற பாறை விழாமல் மரத்தை முட்டுக் கொடுக்கிற வேலைக்கு. சுரங்கத்துக்கு மின்சாரம் வராத காலம். தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைக் குத்திக்கொண்டு இறங்குவோம். எங்களை இறக்குகிற கூண்டு பாதியில் நின்றால் என்ன செய்வது, கயிறு காலைச் சுற்றினால் என்ன செய்வது, மெழுகுவத்தி அணைந்து நெருப்புக்குச்சியும் நனைந்துபோனால் என்ன செய்வது என்று ஷிப்ட் முழுக்க எனக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பட்டியலுக்கெல்லாம் என்னிடம் இருந்த ஒரே பதில் என் கத்தி. குடியாத்தத்துக் கொல்லர் ஒருவர் பழைய வண்டி அச்சு இரும்பைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தது. மடக்குகிற கத்தி இல்லை. முனையிலிருந்து பிடியின் அடிவரை ஒரே இரும்பு. அதன் இரண்டு பக்கமும் புளியங்கட்டையை வைத்து ஆணி அடித்திருக்கும். கறுப்பாக, அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும். ஏழு வருஷம் அதில் ஆப்பு சீவினேன், கயிறு அறுத்தேன், சிக்கிக்கொண்ட பலகையை நெம்பினேன். ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. நான்தான் அதைக் கைவிட்டேன்.

ஊருக்குத் திரும்பப்போகிற வெள்ளைக்கார ஃபிட்டர் ஒருவர் தன் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்க்கத்தான் போனேன். அங்கே மேஜை மேல் கிடந்தது அந்தச் சீமைக் கத்தி. கண்ணாடி போல அலகு, முதுகில் ரம்பப் பல், பித்தளைப் பிடி. பிடியின் அடியில் திருகு மூடி; திறந்தால் உள்ளே குழல் மாதிரி வெற்றிடம். அதில் இரண்டு தூண்டில் முள்ளும் கொஞ்சம் நூலும் இருந்தன. கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்கினால் பிழைத்துக்கொள்ள உதவும் என்று அவருடைய பட்லர் விளக்கினார். கோலார் சீமையில் கப்பல் எப்படிக் கவிழும் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத ஓர் ஆபத்து இருக்கிறதே என்றுதான் திடுக்கிட்டேன்.

விலை ஆறு ரூபாய். எட்டு நாள் யோசித்தேன். வாங்கினால் பணம் போகும். வாங்காமல் விட்டு அடுத்த வாரமே கூண்டு நின்றுவிட்டால்? கடைசியில் சவரிமுத்துவை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவன் சீமைக் கத்தியைக் கையில் வாங்கி, பிடியை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இன்னா ரத்தினம், டங்கு டங்குங்குது? பிடி உள்ள இரும்பே கெடையாதே."

"உள்ள சாமான் வெச்சிக்கலாம்டா. நெருப்புக்குச்சி, ஊசி..."

"கத்தி வாங்கறியா, பொட்டி வாங்கறியா?"

"ஆபத்துக்கு ஒதவும்டா."

"ஆபத்துக்கு ஒதவறது உன் கறுப்புக் கத்தி. வேணாம்னா எனக்குக் குடு. ஒன்றரை ரூபா தரேன்."

கொடுத்துவிட்டேன். அந்த ஒன்றரை ரூபாயோடு என் சேமிப்பில் நாலரை ரூபாய் போட்டுச் சீமைக் கத்தியை வாங்கினேன். (சேமிப்பு என்று நான் சொல்வது, கன்னியம்மாவுக்குத் தெரிந்த வரையில் இல்லாத பணம்.)

அன்று ராத்திரி பிடிக்குள் சாமான் அடுக்கினேன். நெருப்புக்குச்சி பன்னிரண்டு, ஊசி ஒன்று, கல் உப்பு கொஞ்சம், ஒரு துண்டு சுக்கு. தூண்டில் முள்ளையும் எடுக்க மனசு வரவில்லை. அதற்கு மேலும் இடம் இருந்தது. அந்த இடம்தான் என் குடியைக் கெடுத்தது.

கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டுச் சுவர் மூங்கில் தட்டி. கன்னியம்மா மூக்கில் புண் என்று மூக்குத்தியைக் கழற்றிக் கடுகு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே தங்கம் அது. திருடன் தட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தால்? இந்தத் தெருவிலேயே பத்திரமான இடம் எது? என் இடுப்பை விட்டு நகராத பித்தளைப் பிடி! மூக்குத்தியைச் சுக்குக்குப் பக்கத்தில் போட்டேன். ஈரம் போகக் கூடாதென்று மூடியைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றி அடைத்தேன். பிறகு பல வருஷத்தில் முதல் முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருவன், ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் கோவணத்தோடு நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடியைக்கூடக் கோதிப் பார்த்துத் தங்கம் தேடுவார்கள் என்று தினமும் அனுபவித்துத் தெரிந்தவன், அரக்கு வைத்த பிடிக்குள் தங்கத்தை வைத்துக்கொண்டு காலையில் கூண்டில் ஏறி இறங்கினான். கீழே போய் நாலு மணி நேரம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பிடிபட்டால் ஜெயில். வேலையும் போகும், லைன் வீடும் போகும். கீழேயே எங்காவது ஒளித்து வைக்கலாமென்றால், நாளைக்கு வேறு எவனாவது எடுத்தால் மூக்குத்தி போச்சு. சவரிமுத்துவிடம் சொன்னேன்.

"எல்லாரும் இங்கேர்ந்து தங்கத்த மேல எடுத்துக்கினு போவ வழி தேடறான். நீ மேலேர்ந்து கீழ கொண்டாந்து கீறே," என்றான்.

அன்று சம்பள நாள். ஆண்கள் நேராகச் சாராயக் கடைக்குப் போய்விடக் கூடாதென்று பெண்கள் வந்து கேட்டில் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். கன்னியம்மாவும் கொட்டகைத் தட்டியின் ஓரமாக நின்றிருந்தாள். எங்களை ஜோடி ஜோடியாகத்தான் உள்ளே விட்டுச் சோதிப்பார்கள்.

ஜமேதாருக்குத் தெரிந்த தமிழ் நாலே வார்த்தை: வா, நில்லு, கழட்டு, போ. என் புதுக் கத்தியைக் கையில் எடுத்தவர், காதருகே வைத்து ஆட்டினார். கலகல என்றது. (கல் உப்புதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாதே.) துரையைக் கூப்பிட்டுவிட்டார்.

"தொறந்து காட்டு, மேன்," என்றார் துரை.

"தொறக்காதுங்க தொரை. அரக்கு வெச்சி அடைச்சிட்டேன்."

"ஏன்?"

"தண்ணி போவக் கூடாதுன்னு."

"உள்ளே என்னா?"

"நெருப்புக்குச்சி, ஊசி, உப்பு, சுக்கு, தூண்டில் முள்ளு..."

"தூண்டில் முள்ளா? கீழே மீன் இருக்கா?"

"இல்லீங்க தொரை. ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

ஆறாவது சாமானை மட்டும் விட்டுவிட்டேன். ஜமேதார் மூடியைத் திருகினார், பல்லால் கடித்தார். துரை தன்னுடைய மடக்குக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். அதன் முனை ஒடிந்து பறந்தது. அப்போது சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற சவரிமுத்து, "நான் தொறக்கறேங்க," என்று என் பழைய கறுப்புக் கத்தியை எடுத்தான். பிடியின் ஒட்டில் அலகை வைத்தான். மரக்கட்டையால் ஒரே ஒரு அடி.

சீமைப் பிடி வெள்ளரிக்காய் மாதிரி பிளந்தது. கண்ணாடி அலகு தனியாகக் கழன்று விழுந்தது. பிடிக்குள் போயிருந்த இரும்பு என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. கறுப்புக் கத்தியின் கூரில் ஒரு கீறல் கிடையாது. என் வாழ்க்கையே முடியப்போகிற அந்த நேரத்திலும், இதைப் போயா விற்றேன் என்றுதான் தோன்றியது.

உப்பு சிதறியது. கடைசியாக மூக்குத்தி உருண்டு போய் ஜமேதாரின் பூட்ஸ் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு நின்றது. ஜமேதாரின் முகத்தில் பதவி உயர்வு தெரிந்தது.

"அது என்து!"

தட்டியைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா உள்ளே நின்றாள். பெண்கள் காலே வைக்காத இடம். ஜமேதார் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். கோவணத்தோடு நின்ற எனக்குத் திரும்ப இடமில்லை.

"யாரும் தொடாதீங்க தொரை. நான் சொல்றத கேட்டுட்டு அப்பால எடுத்துப் பாருங்க. அஞ்சு கல்லு. மூணாவது கல்லு உதுந்துபோச்சி, அந்தக் குழியில அரக்கு கீது. திருகு ஒரு பக்கமா கோணியிருக்கும்."

துரை குனிந்து எடுத்து எண்ணினார். அஞ்சு இடம், நாலு கல். அரக்கு. கோணல் திருகு. அவள் கையை நீட்டி வாங்கி, புண் ஆறாத மூக்கில், கண்ணில் ஒரு சொட்டு வராமல் அங்கேயே திருகிக்கொண்டாள். அந்தத் தைரியத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தையே விட்டிருக்க மாட்டேன். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"கடுகு டப்பாவ பதினோரு தபா கொட்டிப் பாத்தேன்யா. பக்கத்து வூட்டு எல்லம்மாவ திருடின்னு சொல்லிட்டேன். நாளைக்கி அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

துரைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. "தங்கம் வெளியே கொண்டு போனா ஜெயில். உள்ளே கொண்டு போனா என்னா தண்டனை? சட்டத்துல இல்லே. போ, மேன்," என்றார்.

கேட்டைத் தாண்டியதும் சவரிமுத்துவின் கையைப் பிடித்தேன்.

"அந்தக் கத்திய திருப்பிக் குடுத்துடுடா."

"அஞ்சு ரூபா."

"ஒன்றரை ரூபாய்க்குத்தானேடா வாங்கினே!"

"அப்போ அது வெறும் கத்தி. இப்போ உன்ன ஜெயில்லேர்ந்து மீட்ட கத்தி."

பேசிக்கொண்டே அதை என் இடுப்பில் அவனே செருகிவிட்டான். பன்னிரண்டணா, அதாவது முக்கால் ரூபாய், அப்போதே சம்பளத்திலிருந்து கொடுத்தேன். மிச்சத்தைக் கொடுக்கப் போகும்போதெல்லாம், "முழுசா தீத்துட்டா அப்பால நீ என் வூட்டுக்கு இன்னாத்துக்கு வரப்போறே?" என்று காப்பியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் பேரப்பிள்ளைகள் கூடும்போது பாக்கியைச் சத்தமாக அறிவிக்க மட்டும் மறப்பதில்லை.

எங்கள் வீட்டில் யாராவது புதுசாக ஒன்று வாங்கலாமா என்று வாய் திறந்தால், கன்னியம்மா பதில் சொல்வதில்லை. மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டு, "பிடி உள்ள இரும்பு கீதான்னு பாத்தியா?" என்று கேட்பாள். கறுப்புக் கத்தி இன்றும் என் தலையணைக்கடியில் இருக்கிறது. சவரிமுத்துவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாலு ரூபாய் நாலணா.