நாக்கடி எண்ணெயும் நகராத கல்யாணமும்

மதிப்பும் அன்பும், சிறு வயதிலிருந்து என்னை விட்டு விலகாத கொஞ்சம் அச்சமும் கலந்த வணக்கம், அலெய்டா அக்காவுக்கு.

நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பூனையும், வாசல் ரோஜாச் செடியும், திங்கட்கிழமைப் பாட்டுக் குழுவில் உன் குரலும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். இங்கே ஹால்டர்வெய்க்கில் உன் தம்பி பெண்டாட்டி ஃபென்னா நலம், கால்வாய் நலம், நேற்று வரை மழை, இன்று வெயில். உன் கடிதம் கிடைத்தது. "அன்புள்ள தம்பி லாம்பெர்ட்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஏ கஞ்சாக்குடிக்கி" என்று எழுதியிருந்தாய். உறைக்கு வெளியே எழுதாமல் உள்ளே எழுதினாயே, அந்த மட்டில் நன்றி. சனிக்கிழமை முதல் ரயிலில் வந்து என் காதைப் பிடித்து உன் ஊர் ஸுட்ஃபெனுக்கு இழுத்துப் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். வர வேண்டாம், அக்கா. ஃபென்னாவின் சித்தி மகள் உனக்குத் தொலைபேசியில் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அக்கி வந்தது உனக்கு நினைவிருக்கும். வலது விலாவிலிருந்து தோள் வரை கொப்புளம் வந்து, காய்ந்து, உதிர்ந்தும் போயிற்று. வலி மட்டும் போகவில்லை. நாலு வருஷமாக யாரோ என் விலா எலும்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் சுருக்கம் போகவில்லை என்று திரும்பத் திரும்ப. சட்டை பட்டால் வலிக்கும், காற்று பட்டால் வலிக்கும், ஆறுதல் சொல்கிறவர்கள் தோளில் தட்டினால் உயிரே போய்விடும், அதனால் ஆறுதலுக்கு யார் வந்தாலும் நான் சுவரோடு சுவராகச் சாய்ந்துகொண்டேதான் பேசுவேன். மணிக்கூண்டு ஏறி, மரக்கட்டைகளை முஷ்டியால் குத்தி, ஊருக்கெல்லாம் மணிகளில் பாட்டு வாசிப்பது என் தொழில். ஒவ்வொரு குத்துக்கும் கட்டை என்னைத் திருப்பிக் குத்தியது. மாத்திரைகள் விழுங்கினேன். ஒன்று தலையைச் சுற்றியது, ஒன்று வயிற்றைப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாவற்றையும்விட, ஃபென்னா வலது பக்கம் படுத்து என் தோளில் தலை வைக்கிறவள். நாலு வருஷமாக அவள் கட்டிலின் ஓரத்தில், எங்கே கை பட்டுவிடுமோ என்று பயந்து, தன்னையே பொட்டலம் கட்டியது போல் சுருண்டு படுத்தாள்.

கடைசியில் டாக்டர் ஹோக்வெர்டா அம்மாள்தான் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். நீ நினைப்பது போல, கஞ்சா விற்கிற ரயிலடிக் காப்பிக்கடைப் புகைக்குள் போய் நான் உட்காரவில்லை. "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு. இது வலியைக் கொல்லாது, பாத்துக்கோங்க. வலிக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு திரையைப் போடும், அவ்வளவுதான். கார் ஓட்டக் கூடாது. வீரம் காட்டக் கூடாது" என்றார். மருந்துக்கடையில் எனக்கு முன்னால் பாதிரியாரின் மனைவி இருமலுக்கு வாங்கிக்கொண்டு நின்றார். கடைக்கார அம்மாளுக்குக் கொஞ்சம் காது மந்தம். காது மந்தமானவர்களுக்குக் குரல் மந்தமாக இருப்பதில்லையே. "லாம்பெர்ட் ஐயா! உங்க கஞ்சா வந்திருச்சு!" என்று சந்தைக்கே கேட்கும்படி கூவினார். பாதிரியாரின் மனைவி திரும்பி என்னைப் பார்த்து, "வலிக்கா, சந்தோஷத்துக்கா?" என்று கேட்டார். "வலிக்குத்தான் அம்மா" என்றேன். "பாவம்" என்றார். எந்தப் பாவத்தைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியின் முனகல் எத்தனை சுருதி சுத்தமாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். ஃபென்னாவைக் கூப்பிட்டு, "கேளேன், இத்தனை வருஷமா நம்ம சமையலறையில ஒரு பாடகன் நின்னிருக்கான், ஒரு நாள் கைதட்டியிருக்கோமா?" என்றேன். அவள், "பாடகன் வயித்துக்குள்ள இருந்த இஞ்சி கேக் எங்கே, மனுஷா?" என்றாள். ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்த கேக் அது. எங்கே போயிற்று என்பதைப் பாடகன் அறிவான், நான் அறிவேன். ஆனால் அக்கா, மறுநாள் விடிந்து கண் விழித்தபோது என் வலது தோள் கனமாக இருந்தது. பார்த்தால், தூக்கத்தில் புரண்டு வந்த ஃபென்னாவின் தலை. வலி போய்விடவில்லை. பக்கத்து அறைக்குப் போயிருந்தது. அங்கே அது இருமுவது கேட்டது, இந்த அறைக்குள் வரவில்லை. அவள் விழித்து, பதறி, தலையைத் தூக்கப் போனாள். "இரு" என்றேன். வெளியே வாத்துகள் கத்திக்கொண்டு போயின. இரண்டு பேரும் காப்பி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் உனக்கு ரயில் யோசனை வந்திருக்காது. அந்த வியாழக்கிழமை காற்று வடக்கிலிருந்து அடித்தது. காலையிலேயே விலா எரிந்தது. அன்று சந்தை நாள், அதோடு நகரமன்ற உறுப்பினர் ரூலோஃப் பிரிங்க்ஹாஃபின் மகள் லீஸ்பெத்துக்கு நகரமன்றத்தில் கல்யாணம். ராத்திரி மருந்தைக் காலையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். நின்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டேன். இந்த எண்ணெய் வருவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், வந்தால் குடும்பத்தோடு வரும் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் மணிக்கூண்டின் உச்சியில் இருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பதிவு முடிந்து வெளியே வரும் மணமக்கள் நகரமன்றப் படிகளில் மணியின் அடிக்கு ஒரு படியாக இறங்க வேண்டும், மணியை முந்தக் கூடாது, முந்தினால் தாம்பத்தியத்துக்கு ஆகாது. கீழேயிருந்து கொடி காட்டினார்கள். நான் கல்யாண நடையின் முதல் மணியை அடித்தேன். அது போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, மாடுகள் மேயும் ஈரப் புல்வெளியைத் தாண்டி அது போவதை நான் பார்த்தேன். ஒரு மணி வழியில் இருக்கும்போதே இன்னொன்றை அனுப்புவது மரியாதையில்லை என்று தோன்றியது. அது போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அடுத்ததை அனுப்பினேன். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இத்தனை இடம் இருக்கிறது, அக்கா! ஒரு வீடு கட்டிக் குடியிருக்கலாம், பின்னால் நாலு பேரிக்காய் மரமும் வைக்கலாம். நாற்பது வருஷமாக அந்த இடத்தையெல்லாம் நான் ஓடியே கடந்திருக்கிறேன். மேகங்கள் ஜன்னலருகே வந்து நின்று கேட்டுவிட்டுப் போயின. விலா எனக்கு இருப்பதே நினைவில்லை. வெகு சீக்கிரம் வாசித்து முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கீழே நடந்ததைச் சொன்னவன் ஹெர்ரிங் மீன் விற்கும் யாப். மணப்பெண் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மணிக்குக் காத்து நின்றாளாம். மாப்பிள்ளையும் நின்றானாம். பின்னால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கொக்குக் கூட்டம் போல் ஒற்றைக் காலில். மணி விழும், எல்லோரும் ஒரு படி இறங்குவார்கள், அடுத்த காலைத் தூக்கிக்கொண்டு மறுபடி காத்திருப்பார்கள். முதலில் சிரித்த சந்தை, மெல்ல அடங்கிவிட்டதாம். பாலாடைக்கட்டிக்காரி விலை கூவுவதை நிறுத்திவிட்டாள். தள்ளுவண்டிகளில் குழந்தைகள் தூங்கின. யாப்பின் கடையில் ஒருவர் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அப்படியே வாயில் இறக்க அண்ணாந்து, வாயைத் திறந்தவர் அப்படியே நின்றாராம். யாப்புக்குத்தான் பொறுக்கவில்லை. மூச்சு வாங்க அத்தனை படியும் ஏறி வந்து என் முன்னால் நின்றான்.

"யோவ் லாம்பெர்ட்! இறங்கி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும் போலிருக்கு! இன்னும் என்னய்யா பண்றீர்?"

"யாப், சத்தம் போடாதே. இப்பதான் ஒண்ணு கிளம்பிப் போயிருக்கு" என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்த்தான். "ஆகா" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "இது படி, அடுத்ததும் படி" என்று சொல்லிச் சொல்லி இறக்கினான். வாசலில் ஃபென்னா நின்றிருந்தாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் அம்மாள் திட்டினார். "காலையில எடுக்கச் சொன்னது யாரு? வரலைன்னா இன்னும் ஊத்திக்கச் சொன்னது யாரு? இது என்ன சூப்பா?" என்றார். அதுவாவது பரவாயில்லை. மறுநாள் நகரமன்றத்திலிருந்து திருமதி வான் டெல்டன் கூப்பிட்டு அனுப்பினார். மணப்பெண்ணின் அப்பா பிரிங்க்ஹாஃப் புகார் கொடுத்திருக்கிறார், சந்தை நடுவில் தன்னைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டதாக. திருமதி வான் டெல்டன் கெட்டவர் இல்லை. எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா போதையில இருக்கறவரை ஊர் மணிகிட்ட விட முடியாது, இல்லையா? மருந்தா மணியான்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஃபென்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "மணியை எடுத்துக்கோ" என்றாள்.

"வலி?"

"வலியோட நாலு வருஷம் இருந்தோம்ல? மணி இல்லாம உன்னோட நாலு நாள் இருக்க என்னால ஆகாதுப்பா. நான் பழையபடி ஓரமாப் படுத்துக்கறேன்."

அக்கா, அவள் சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் சீவிய உருளைக்கிழங்கையே திரும்பச் சீவிக்கொண்டிருந்தாள், அது கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. நான் அங்கேயே தொலைபேசியை எடுத்துத் திருமதி வான் டெல்டனிடம், மருந்து என்று சொன்னேன். நாற்பது வருஷ வேலையை ஒரே வார்த்தையில் விட்டுவிட்டேன். ஃபென்னா, "மடையா" என்றாள். வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து மணப்பெண் லீஸ்பெத் ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை. அவள் கட்டிக்கொண்டது ஆடு வளர்க்கும் பையனை. பிரிங்க்ஹாஃபுக்கு அது பிடிக்கவில்லை. நிச்சயம் ஆனதிலிருந்து மகளோடு பேச்சில்லை, ஊர் பார்க்கட்டும் என்று கல்யாணத்துக்கு வந்து பக்கத்தில் நின்றாராம், அவ்வளவே.

"எப்பவும் போல அடிச்சிருந்தா, ரெண்டு நிமிஷத்துல இறங்கி அவரவர் கார்ல ஏறியிருப்போம், ஐயா. ஒத்தைக் கால்ல எவ்வளவு நேரம்தான் பேசாம நிக்கறது? அப்பாதான் விழப் போனார். இவர் பிடிச்சுக்கிட்டார். அடுத்த படியில அப்பா இவரைப் பாத்து, 'ஆடு எத்தனை இருக்கு?'ன்னார். இவர் சொன்னார். மணி அடிச்சுது, ஒரு படி இறங்கினோம். 'ராத்திரியில குளிருக்கு என்ன பண்றீங்க?'ன்னார். இவர் சொன்னார். அப்புறம் ஒரு படி. கடைசிப் படிக்கு வர்றதுக்குள்ள அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறார், ஐயா. சந்தையே பாக்குது."

"அப்படின்னா புகார் ஏம்மா கொடுத்தார்?"

"ஓட்டுப் போடறவங்க முன்னாடி அழ வெச்சுட்டீங்களே, அதுக்குத்தான்!"

கேக்கை அவளே வெட்டி வைத்துவிட்டுப் போனாள். ஆக, அக்கா, நான் நஷ்டப்பட்டவன் இல்லை. ராத்திரி இரண்டு சொட்டு, அதற்கு மேல் ஒரு துளி இல்லை. புட்டி ஃபென்னாவின் பொறுப்பில் இருக்கிறது. மணிக்கூண்டுக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள். நான் கால்வாய் ஓரம் நாற்காலி போட்டு, படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு, தொந்தரவில்லாத ஓய்வு பெற்ற மனிதனாக இருக்கிறேன். ஊர் வாயும் அடங்கிவிட்டது. நீ இத்தனை தூரம் ரயிலேறி வந்து திருத்த இங்கே ஒன்றும் மிச்சமில்லை. வர வேண்டாம் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

உன் மூட்டுக்கும் மூச்சுக்கும் குறையொன்றும் வராமல், எங்கள் எல்லோரையும் இன்னும் பல காலம் அதட்டிக்கொண்டு நீ நீடு வாழ்க.

என்றும் உன் சொல்லுக்கு அடங்கிய தம்பி,
லாம்பெர்ட்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் திருமதி வான் டெல்டன் கூப்பிட்டுவிட்டார். பிரிங்க்ஹாஃப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அத்தோடு, பெண்ணைப் பெற்றவர்கள் சிலர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் 'அந்த மெதுவான மணி'தான் வேண்டும் என்று நகரமன்றத்தில் வந்து நிற்கிறார்களாம். ராத்திரி மருந்து காலை வேலையைக் கெடுக்காது என்று டாக்டர் அம்மாளும் எழுதிக் கொடுத்துவிட்டார். வியாழன் முதல் மறுபடியும் நான்தான். எனவே மேலே ஓய்வு, நாற்காலி, படகு என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. சனிக்கிழமை அவசியம் வா. வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மணிக்கும் நடுவில் என் கையைப் பிடித்து வைத்துக்கொள். இன்று சாயங்காலமே ஒத்திகை பார்த்தேன், பாதியிலேயே யாப் கீழிருந்து, "என்னய்யா, ரயிலைப் பிடிக்கணுமா?" என்று கத்தினான். நிதானத்தில் இருக்கும்போது நிதானமாக வாசிக்க வரவில்லை, அக்கா.