சலவைக்கடைக்காரர் மகளின் வயது

அன்று காலை ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலருகே இருந்தவர்கள்: சலவைக்கடைக்காரர், அவர் மனைவி, ஒரே மகள், சலவைக்கடைக்காரரின் அக்கா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எழுத்தர், கதவோரம் காவலாளி. இவ்வளவு பேர்தான். வெளியே வரிசையில் நின்றுவிட்டு, தாங்களும் கூடவே இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

அக்காவை யாரும் அழைக்கவில்லை. குடும்பத்துக் காகிதம் எதுவும் அவர் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை.

எழுத்தர் பள்ளிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். "பதினாறரைதான் ஆகுது. பழகுறதுக்கே பதினேழு முடிஞ்சிருக்கணும். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

சலவைக்கடைக்காரரிடம் ஆறு மாதம் இல்லை. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று மாதத்தில் அவருடைய உரிமம் முடிகிறது, இனிப் புதுப்பிக்க முடியாது. அதற்குள் மகள் வேனை எடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிப் போர்வைகள் வேறு கடைக்குப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் போர்வைகளால்தான்.

"ஆளைப் பாருங்க சார். பதினாறு மாதிரியா இருக்கா?"

"ஆளைப் பாத்து அளவெடுக்க இது தையல் கடையா?"

அவர் கை சட்டையின் உள்பைக்குப் போயிற்று. நாலாக மடித்த பழைய பிரசவ ஆஸ்பத்திரித் தாள் ஒன்று அங்கே இருந்தது. எடுக்கவில்லை.

"ஸ்கூல்ல போட்ட தேதி தப்பு சார். போன வாரமே பதினேழு முடிஞ்சாச்சு."

மனைவி அவர் காலை மிதித்தார். அந்தத் தேதியைச் சொல்லிப் பள்ளியில் சேர்த்ததே அக்காதான். "தம்பி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றார்.

"அப்போ நான் கொண்டாடின பொறந்தநாளெல்லாம் யாரோடதுப்பா?" என்று கேட்டாள் மகள்.



"பதினேழுன்னே வச்சுக்குவோம்," என்றார் எழுத்தர். "பதினெட்டுக்குக் கீழேன்னா, லைசென்ஸ் உள்ள பெரியவங்க ஒருத்தர் ஆறு மாசம் பக்கத்துல உக்காந்து பழக்கணும். அப்புறம்தான் டெஸ்ட். யார் உக்காரப்போறது?"

"நான்தான்."

"உங்களுது மூணு மாசத்துல முடியுதே. அம்மா?"

"எனக்கு சைக்கிளே விடத் தெரியாதுங்க," என்றார் மனைவி.

"பெரியம்மா நீங்க?"

"நான் பின்னாடி சீட்டுலதான் உக்காருவேன்," என்றார் அக்கா, முதுகு வளையாமல்.

எழுத்தர் பேனாவை மூடினார். "பதினெட்டு ஆயிருந்தா இந்த வம்பே இல்ல. பக்கத்துல ஆளும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த வாரமே டெஸ்ட் வச்சிருப்பேன்."

சலவைக்கடைக்காரரின் கை மறுபடியும் உள்பைக்குப் போய்த் தாளைத் தொட்டது. அக்கா பார்த்தார். கை வெறுமனே திரும்பி வந்தது.

"வயசையாவது திருத்தி வச்சுக்கறேன் சார்," என்று மனுவை வாங்கினார். அதில் பெற்றோரின் திருமண நாளுக்கு ஒரு கட்டம் இருந்தது. வியர்த்துக்கொண்டே ஒரு வருடம் முன்னால் தள்ளி எழுதினார்.

காவலாளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அண்ணே, தப்பா எழுதறீங்க. நாலு மாசம் முன்னாடிதானே பதினேழாவது கல்யாண நாள்னு கடையில பாதி விலை போட்டீங்க? நான்கூட ரெண்டு கம்பளி கொண்டாந்தேனே."

சொல்லிவிட்டு, தமக்கே ஏதோ இடிக்க, விரல்விட்டு எண்ணினார். பதினேழு வருஷம் நாலு மாசம். பொண்ணுக்குப் பதினேழு. நாலாவது விரலில் கை நின்றது.

"ஓ," என்றார்.

சலவைக்கடைக்காரர் மனுவைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டார். வேனும் போயிற்று, மானமும் போயிற்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

காவலாளியின் 'ஓ' அவருக்கு முன்பாகவே வெளியே போய்விட்டிருந்தது. வரிசை முழுக்க ஒரே முணுமுணுப்பு.

"கல்யாணமாகி நாலே மாசத்துல பொறந்த பொண்ணாம்."

மனைவி முகத்தை மூடிக்கொண்டார். மகள் தரையைப் பார்த்தாள். இந்தக் குடும்பத்தைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை வந்தாலும் பொறுக்காத அக்கா, நடையை நிறுத்தித் திரும்பினார். ஜன்னல் வழியே எழுத்தரும் எட்டிப் பார்த்தார்.

"எவன் சொன்னது? சுத்தப் பொய். கல்யாணத்தன்னைக்கு இவ ஒன்பது மாசக் கைக்குழந்தை. என் மடியில உக்காந்துதான் முழுக் கல்யாணத்தையும் பாத்தா."