ஒரே ஓர் எழுத்து

இனி ஆயுளுக்கும் பாத்திரம் கழுவுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டு எடுக்கும் துணிச்சல் எனக்குக் கிடையாது. கையில் அடிப்பிடித்த பால் சட்டி வேறு இருந்தது.

அப்போது ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். இணையத்தில் அவர்களுக்கு ஒரு வெள்ளைப் பலகை. ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து நூறு பேர் அதே பலகையில் எழுதலாம், சீட்டு ஒட்டலாம். அதில் என்னென்ன வித்தை செய்யலாம் என்று மற்ற புரோகிராமர்களுக்குக் காட்ட, சின்னச் சின்ன மாதிரிச் செயலிகள் எழுதுவது என் வேலை.

"மாதிரின்னா?" என்றாள் மனைவி.

"நிஜம் இல்லை. நிஜம் மாதிரி."

"நீங்க வீடு பெருக்கற மாதிரி."

"கிண்டல் பண்ணாதே. கம்பெனியில என்னை மாதிரி ஆளுன்னு சொல்றாங்க, தெரியுமா?"

"முன்னாடி 'ஒரு'ன்னு சொன்னது உங்க காதுல விழலையா?"

அந்த வாரம் புதிய மாதிரி ஒன்று கேட்டிருந்தார்கள். சபதமும் வேலையும் கைகோத்துக்கொண்டன. பலகையில் இரண்டு கட்டம் போட்டேன்: அவன், அவள். நான்கு சீட்டு: பெருக்குவது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர், பாத்திரம். 'குலுக்கு' என்ற பொத்தானை அழுத்தினால் சீட்டுகள் குதித்துப் போய்க் கட்டங்களில் விழும். மூன்று சீட்டு அதிர்ஷ்டப்படி. பாத்திரச் சீட்டு மட்டும் எப்போதும் 'அவள்' கட்டத்துக்கு. அதற்கு நிரலில் ஒரே ஒரு வரி. பக்கத்தில், 'ஒரு சீட்டை நிலையான இடத்துக்கு அனுப்பும் முறை' என்று கண்ணியமாக விளக்கமும் எழுதினேன்.

விளக்கம் என்றதும்தான் வினை வந்தது. மாதிரி என்றால் நாலு பேர் படிப்பார்கள். பிழை இருக்கக் கூடாது. நான் சொந்தமாகக் கற்றுக்கொண்டு எழுதுகிறவன். என் கையில் பள்ளிக்கூடமே பல்லிக்கூடமாகச் சுவரேறி ஓடும். மனைவியோ அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். வழக்கம்போல அவளிடமே கொடுத்தேன். விளக்கத்தை மட்டும் படிப்பாள் என்று நினைத்தேன். தீப்பெட்டி மேல் இருப்பதைக்கூட விடாமல் படிக்கிறவள் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

அரைமணியில் திருப்பிக் கொடுத்தாள்.

"பரவாயில்லீங்க. ஒரே ஓர் எழுத்துதான் திருத்தினேன்."

ஒரே ஓர் எழுத்தா! தலைகால் புரியாமல், திறந்துகூடப் பார்க்காமல் நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை அரங்கேற்றம். பலகையில் முப்பது பேருடைய அம்புக்குறிகள் எறும்பாக மொய்த்தன. மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"இதுல என்ன விழுதோ, ஆயுசுக்கும் அதான். சம்மதமா?"

"எனக்குச் சம்மதம். நீங்களும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். முப்பது பேரும் கைதட்டினார்கள். குலுக்கினேன். பாத்திரச் சீட்டு எழும்பியது, பறந்தது, 'அவன்' கட்டத்தில் உட்கார்ந்தது.

மறுபடி குலுக்கினேன். அவன். ஏழு தடவை குலுக்கினேன். எனக்குத்தான் உடம்பு குலுங்கியது.

"சார் கையோட ராசி அப்படி!" என்றார் எங்கள் குழுத் தலைவி. "ரொம்ப நல்லா இருக்கு. இன்னிக்கே வெளியிட்டுடலாம்."

சமையலறைக்குள் மனைவியை மடக்கினேன்.

"அந்த ஓர் எழுத்து எது?"

"பாத்திர வரியில 'அவள்'னு இருந்தது. 'ள்' எங்க வரணும்னு உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? 'அவன்'னு மாத்தினேன்."

"ஐயோ, அது பிழையே இல்லைடி!"

"பிழை இல்லையா?" என் கையில் பாத்திரம் தேய்க்கும் நாரை வைத்தாள். "அப்ப வேணும்னேதான் எழுதினீங்களா?"

"பிழைதான்," என்றேன். குழாயைத் திறந்தேன்.

அவள் கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது. அந்த மாதிரி இன்னும் அந்தப் பலகையில் இருக்கிறது. நான் போய் அந்த ஓர் எழுத்தை மாற்றினால் யார் கேட்கப் போகிறார்கள்? மாற்றவில்லை. போன வாரம் ஆசையாகத் திறந்து ஒரு தடவை குலுக்கிப் பார்த்தேன்.

எனக்குத்தான் விழுந்தது.