தீவு நாட்டின் பிரதிநிதி மைத்துனருக்கு எழுதியது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இவ்விடம் நான் நலமாக இருக்கிறேன். அவ்விடம் நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டா என்பது தீர்மானத்தில் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஆகவே உன்னை விட்டுவிட்டு உன் மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் நலம் விசாரிக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என்ன தீர்மானம், யார் போட்டது என்று நீ புருவத்தைத் தூக்குவாய். பொறு, வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தவனுக்கு வரிசை தப்பிப் பேச வராது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இதை நானாக ஆசைப்பட்டு எழுதவில்லை. இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் ரத்த அழுத்தம் ஏறும், அதற்கு இன்னொரு மாத்திரை போட வேண்டும். அதற்குக் கடிதம் தேவலை.

போன வாரம் எங்கள் தெருமுனைக் கல்லூரி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'மாதிரி உலக சுகாதார மாநாடு, சனிக்கிழமை காலை ஒன்பது மணி, அனைவரும் வருக' என்று எழுத்துக்கு ஒரு முழம். மாதிரி என்றால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு ஒன்றுதான் தோன்றும். 'ரத்த மாதிரி அந்த ஜன்னல்ல, சிறுநீர் மாதிரி இந்த ஜன்னல்ல, மூடியை இறுக்கி மூடுங்கம்மா' என்று வேலையில் இருந்த காலமெல்லாம் கத்தியவன் அல்லவா. ஆகா, இலவசப் பரிசோதனை முகாம், அதுவும் உலக அளவில் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஜாம் பாட்டில் ஒன்றைக் கொதிக்கிற நீரில் கழுவி, மாதிரியைப் பிடித்து, பெயர், வயது, ஆண் என்று லேபிள் ஒட்டி, துணிப்பையில் வைத்துக்கொண்டு எட்டே முக்காலுக்கே போய் நின்றேன். உன் அக்கா இருந்திருந்தால், 'இன்னொரு தடவை நல்லாப் படிச்சுட்டுப் போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். இப்போது இந்த வீட்டில் நான் ஒன்றைத் தப்பாகப் படித்தால் அது தப்பாகவேதான் இருக்கும்.

வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்த நாடு சார்?"

"இதே ஊர்தாம்மா. மூணாவது தெரு."

"அது இல்ல சார், நீங்க எந்த நாட்டுக்கு வந்திருக்கீங்க?"

"நாட்டுக்கெல்லாம் இல்லம்மா, எனக்குத்தான். மாதிரி கொண்டு வந்திருக்கேன்."

"ஆமா சார், மாதிரிதான். இங்க எல்லாருமே மாதிரிதான்."

"எல்லாரும் கொடுத்தாச்சா?"

"முப்பது பேர் வந்தாச்சு சார். மாடி ஹால்ல இருக்காங்க. நீங்களும் ஏறிப் போங்க."

முப்பது பேருடையதையும் ஹாலில் வைத்திருக்கிறார்களே, ஜன்னலையாவது திறந்து வைத்திருப்பார்களா என்ற கவலையோடு ஏறிப்போனேன். போனால் ஊசியும் இல்லை, நர்ஸும் இல்லை. கோட்டும் டையுமாக இருபது வயசுப் பிள்ளைகள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை. உலக நாடுகள் கூடி மக்களின் உடல்நலம் பற்றி விவாதித்துத் தீர்மானம் போடுமே, அதையே மாணவர்கள் நாட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து பேசிப் பழகுகிறார்களாம். மாதிரி என்றால் அந்த மாதிரி! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன், விட்டால்தானே. தலைவர் நாற்காலியில் கையில் மரச் சுத்தியோடு இருந்த பெண் ஓடி வந்து வழியை மறித்தாள். ஏதோ தீவு நாட்டுக்கு உட்கார வேண்டிய பையனுக்குப் பல்வலியாம், ஒரு நாடு குறைந்தாலும் கூட்டத்தைத் தொடங்கக் கூடாது என்று விதியாம்.

"சார், சும்மா உட்கார்ந்தாப் போதும் சார். நீங்க பேசக்கூட வேண்டாம்."

பேசாமல் உட்கார்ந்திருப்பதில் எனக்கு இரண்டு வருஷ அனுபவம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தீவின் பெயரை எழுதவில்லை, அந்த ஊர்க்காரர் யாராவது படித்தால் மனம் நோவார்கள். என் வலது பக்கத்துப் பையன் எப்போதும் பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம். அவனைப் பனி நாடு என்றே வைத்துக்கொள். நல்ல பையன், என் பை சாய்ந்து கிடக்கிறதே என்று பாட்டிலை எடுத்து எல்லாருடைய தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தான். நான் பதறிப்போய் அதைப் பிடுங்கி என் நாட்டின் அட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அதன்பின் சாப்பாட்டு இடைவேளையில் கழிவறைக்குப் போய்க் கொட்டிவிட்டு வரும்வரை என் ஒரு கண் அதன் மேலேயே இருந்தது. உலக சுகாதாரத்தை ஒற்றைக் கண்ணால்தான் கவனித்தேன்.

அன்றைக்கு விவாதப் பொருள் என்ன தெரியுமா? தனிமை. சிரிக்காதே. தனிமையும் உடல்நலக் கேடுதான், அதற்கு நாடுகள் என்ன செய்யலாம் என்று பேச்சு. ஆளாளுக்குச் சதவீதமாகப் பொழிந்தார்கள். தனியாக இருப்பவர்கள் இத்தனை சதவீதம், அதில் தூக்கம் வராதவர்கள் இத்தனை சதவீதம் என்று. நான் எந்தச் சதவீதத்தில் வருகிறேன் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் வந்தேன். பிறகு, தனிமை குறித்து இம்மாநாடு 'கவலை தெரிவிக்கிறது' என்று போடுவதா, 'ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது' என்று போடுவதா என்று ஆரம்பித்தார்கள் பார், ஒரு மணி நேரம்! 'ஆழ்ந்த' வேண்டும் என்று பதினாறு நாடுகள், வேண்டாம் என்று பதின்மூன்று. ஆஸ்பத்திரியில் 'அவசரம்' என்ற ரப்பர் முத்திரை காணாமல் போன அன்றுகூட இவ்வளவு சண்டை நடக்கவில்லை.

தீவு நாடு மட்டும் வாயே திறக்கவில்லையே என்று கடைசியில் தலைவர் பெண் என் பக்கம் திரும்பினாள். பேச வேண்டாம் என்று உட்காரவைத்த அதே பெண்தான். எழுந்தேன். "எனக்கு என்ன தோணுதுன்னா" என்றேன். டொக் என்று சுத்தி.

"மன்னிக்கணும் சார். இங்க 'நான்', 'எனக்கு' எல்லாம் சொல்லக் கூடாது. நீங்க ஒரு ஆள் இல்ல, நாடு. 'நாங்கள்'னுதான் சொல்லணும்."

மாப்பிள்ளை, 'நாங்க' என்று நான் சொல்லி எவ்வளவு நாளாகிறது தெரியுமா? நாங்க சாப்பிட்டாச்சு, நாங்க வெளியே கிளம்பறோம், நாங்க அப்புறம் கூப்பிடறோம் என்று முப்பது வருஷம் வாயில் கிடந்த வார்த்தை. உன் அக்கா போனபின் அதை யாரை வைத்துக்கொண்டு சொல்வது? ஆனால் விதி விதிதானே. "நாங்கள்" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

"நாங்க ரொம்பச் சின்ன நாடு. விடிகாலை அஞ்சரைக்கு எழுந்துடுவோம். பேப்பரைச் சத்தமாப் படிப்போம், இல்லேன்னா சாயங்காலம்வரைக்கும் நாட்டுல குரலே கேக்காது. ராங் நம்பர் வந்தா வைக்க விடமாட்டோம், சாப்பிட்டாச்சான்னு கேப்போம். போன செவ்வாய்க்கிழமை ஒருத்தர் பத்து நிமிஷம் பேசினாரு, நல்ல மனுஷன். ரெண்டு வருஷத்துல எங்க ஜனத்தொகை பாதியாக் குறைஞ்சு போச்சு."

ஹாலே ஆடிப்போய்விட்டது. பனி நாடு கையிலிருந்த காகிதங்களைப் பரபரவென்று புரட்டினான்.

"சார், பாதியா? என்கிட்ட இருக்கற விவரத்துல அப்படி இல்லையே. என்ன நோய் சார்?"

"மூளையில ரத்தக் கசிவுப்பா. ரெண்டு பேர் இருந்தோம். இப்ப ஒண்ணு."

தலைவர் பெண் சுத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அண்டை நாடுகள் ஏதாவது உதவி செய்யுதா சார்?"

"ஒரே ஒரு அண்டை நாடுதாம்மா. அதோட உறவு முறிஞ்சு போச்சு."

அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து நீ போன் செய்ததும், நீ ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அவள் முகத்தை உயிரோடு பார்த்திருப்பாய் என்று நான் கத்தியதும், அதற்கு நீ, 'அக்காவே போயிட்டா, இனிமே நமக்குள்ள என்ன இருக்கு அத்தான்?' என்று கேட்டதும், 'ஒண்ணும் இல்ல, வை' என்று நான் போனை வைத்ததும். தீவு நாட்டின் வெளியுறவு வரலாறு முழுக்க அவ்வளவுதான்.

பனி நாடு உடனே கையைத் தூக்கினான். வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அவன் பெரிய கில்லாடி, 'ஆழ்ந்த' வேண்டும் என்று கடைசிவரை நின்றவன்.

"தலைவர் அவர்களே, ஒரு வார்த்தை விளக்கம். அண்டை நாடு 'நமக்குள்ள'ன்னா சொல்லிச்சு?"

"ஆமாப்பா. நமக்குள்ள என்ன இருக்குன்னு."

"அப்ப உறவு முறியலையே சார்! முறிஞ்சிருந்தா 'உங்களுக்கும் எனக்கும்'னு தனித்தனியாத்தான் வந்திருக்கும். 'நமக்குள்ள'ன்னு சொல்றவங்க உங்களையும் சேர்த்துத்தான் சொல்றாங்க. முறிச்சவரு நீங்கதான் சார்."

இந்தப் பொடியன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். 'என்ன இருக்கு' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு முந்தின வார்த்தையைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் தீர்மானம் போட்டார்கள். தீவு நாடு தன் அண்டை நாட்டோடு உடனே பேச வேண்டும் என்று 'கேட்டுக்கொள்கிறது' என்பதா, 'வலியுறுத்துகிறது' என்பதா என்று மறுபடி அரை மணி நேரம். 'வலியுறுத்துகிறது' ஜெயித்தது. ஆதரவு இருபத்தொன்பது, எதிர்ப்பு இல்லை. நான் வாக்களிக்கவில்லை, சொந்த விஷயத்துக்குத் தானே கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. சாயங்காலம் தேநீர் குடித்தோம், எல்லா நாடுகளும் என் கையைப் பிடித்துக் குலுக்கின. 'அடுத்த வருஷமும் வாங்க சார்' என்றாள் தலைவர் பெண். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போனபோது சும்மா ஏறிப் பார்த்தேன். அட்டைகள் ஒன்றும் இல்லை, யாரோ கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

ஆகவே மேற்படித் தீர்மானத்தின்படி உனக்கு எழுதுகிறேன். தீர்மானத்தில் இல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நீ ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் அவள் கண் திறந்திருக்கமாட்டாள். இனி விழிப்பு வராது என்று டாக்டர் அன்று காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல இருந்தது, கைக்கு நீ கிடைத்தாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை மாப்பிள்ளை. தப்பு என்னுடையது. இரண்டு வருஷம் அதை நீ சுமந்திருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உருகிப்போய் ஓடி வந்துவிடாதே. நீ வர வேண்டாம், நானும் வரப்போவதில்லை. நான் மிகவும் வேலையாக இருக்கிறேன். பதிலாக ஒரே ஒரு வரி போதும், 'கிடைத்தது' என்று எழுதினால்கூட ஏற்றுக்கொள்ளப்படும். உன் பிள்ளைகள் படிப்பில் உன்னைப் போலவும் பொறுமையில் என்னைப் போலவும் ஆகாமல் நன்றாக வளரட்டும். உன் மனைவிக்குக் கைவலி இல்லாமல் இருக்கட்டும். உனக்கு என் ஆசி உண்டு, வேண்டாம் என்றாலும் திருப்பி அனுப்ப வழியில்லை.

இப்படிக்கு,
தீவு நாட்டின் பிரதிநிதி (மாதிரி),
உன் அத்தான்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். 'விலாசம் எழுதலையே சார்' என்றார் ஜன்னலில் இருந்தவர். பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. இந்த வீட்டிலிருந்து போன அத்தனை கடிதத்துக்கும் விலாசம் எழுதியவள் உன் அக்கா. உன் கதவு எண் அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பினால் ஒரு தையல் கடை, அதைத் தாண்டிக் குழாயடி, அப்புறம் நீலக் கதவு. 'நீலக் கதவுன்னு எழுதினா போய்ச் சேராது சார்' என்கிறார். போன் செய்து கேட்கலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? ஆகவே உறையைப் பிரித்து இந்தப் பத்தியைப் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணி பஸ். நீ இதைப் படிக்கும்போது நான் உன் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பேன். பெரிய படிப்பாளி மாதிரி கடைசிவரை படித்துக்கொண்டிருக்காதே, எழுந்து போய் முதலில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவா.