தொடாதீங்க சாரின் கறுப்புக் கார்

கார் வாங்கிய கையோடு பஸ் பாஸும் எடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எனக்கு எதிர்வீட்டுக்காரராக இருந்ததை நான் செய்த புண்ணியத்தில் சேர்ப்பதா பாவத்தில் சேர்ப்பதா என்று சந்தாபுராவுக்குக் குடிவந்த பிறகும் முடிவு செய்ய முடியவில்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. கேட்டில் பலகையும் உண்டு. ஆனால் தெருவுக்கு அவர் 'தொடாதீங்க சார்'. கார் வந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அதிகம் புறப்பட்ட வார்த்தை அதுதான். பால்காரருக்கு அதுவே காலை வணக்கம், கூரியர்காரருக்கு அதுவே நன்றி. ஒருமுறை என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் "தொடாதீங்க" என்றார். நான் அப்போது என் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன்.

கறுப்பு வேண்டாம் என்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாராம். வெள்ளை என்றால் ஒரு வாரம் துடைக்காமல் விடலாம், கறுப்பில் ஈ உட்கார்ந்து எழுந்தாலும் தெரியும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். இவர் ஷோரூமில் குனிந்து, அந்தக் கறுப்புக் கதவில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார். பாத்ரூம் கண்ணாடியில் தெரிவதைவிட நன்றாக இருந்ததாம். அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

கார் வந்ததும் சர்ச்சிலிருந்து ஃபாதர் ஆசீர்வதிக்க வந்தார். கையில் தீர்த்தம். ஃபாதர் கையை ஓங்கியதும் இவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஃபாதர், இது போர்வெல் தண்ணியா, காவேரியா?"

"மந்திரிச்ச தண்ணிப்பா."

"அது சரி ஃபாதர். உப்பு இருக்குமா? உப்புத் தண்ணி காஞ்சா கறுப்புல வெள்ளை வெள்ளையா நிக்கும். அப்புறம் போகாது."

ஃபாதர் நல்ல மனிதர். நாலு டயரை மட்டும் ஆசீர்வதித்தார். மிச்சத் தண்ணீரை மொத்தமாக இவர் தலையில் தெளித்துவிட்டுப் போனார். யாருக்கு ஆசீர்வாதம் அதிகம் தேவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தினமும் காலையில் குளிப்பாட்டும் படலம் நடக்கும். சோப்புக்கு ஒரு பக்கெட், துணியை அலசுவதற்கு இன்னொரு பக்கெட். ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் கலந்தால் அன்றைக்குத் தீட்டு. துணியை வட்டமாகச் சுற்றக்கூடாது, நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கீழே விழுந்த துணிக்கு மறுவாழ்வு கிடையாது. அது நேராகச் சமையலறைக்குப் போய்விடும். கோடையில் தெருவே டேங்கருக்குக் காத்துக் கிடந்தபோது எதிர்வீட்டில் இப்படி ஒரு பேச்சு கேட்டது.

"ஒரு பக்கெட்தான் இருக்கு. நீங்க குளிக்கிறீங்களா, அது குளிக்குதா?"

"நான் நேத்து குளிச்சேன் ஸ்டெல்லா."

கழுவித் துடைத்து முடித்ததும் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார். ரோட்டில் தூசி, லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறிக்கும், சிக்னலில் ஆட்டோ உரசும் என்பது அவர் வாதம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சார், அப்புறம் எதுக்குக் கார் வாங்கினீங்க?"

"நல்லா வெச்சுக்கறதுக்கு" என்றார். பதிலில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

இனி சாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய புங்கமர நிழலில் சாந்தியின் இஸ்திரி வண்டி நிற்கும். கார் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அந்த இடம் அவளுடையது. சுவர் சாருடையது, நிழல் மரத்துடையது, துணி எங்கள் எல்லாருடையது என்று ஒரு வம்பும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கார் வந்ததும் அதற்கும் அதே நிழல் வேண்டியிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு பொறி பறந்தாலும் சார் ஜன்னலில் தெரிவார்.

"ஏம்மா சாந்தி, ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் அந்தப் பக்கம் விசிறம்மா."

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது சார். நான் இன்னா பண்றது?"

ஒரு வியாழக்கிழமை காலை அந்தத் தெருவில் இடி விழுந்தது. காரின் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு கீறல். விரல் நீளம் இருக்கும். நான் போய்ப் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை. டார்ச் அடித்துக் காட்டினார், அப்போதும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்வாகப் பார்க்கச் சொன்னார், தெரிந்தது. துக்கம் விசாரிக்கும் குரலில் "ஐயோ" என்றேன்.

அதன்பின் விசாரணை தொடங்கியது. இஞ்ச் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கீறல் எவ்வளவு உயரம் என்று அளந்தார். பிறகு அதே உயரத்தில் இந்தத் தெருவில் என்னென்ன இருக்கிறது என்று தேடிக் கிளம்பினார். பால்காரரின் கிரேட்டை அளந்தார், உயரம் போதவில்லை. என் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரை அளந்தார், அது அதிகம். கடைசியில் சாந்தியின் வண்டிக்கு வந்தார். வண்டியின் மூலையில் தகரம் அடித்த விளிம்பு. டேப்பைப் பிடித்துப் பார்த்தார். இம்மியும் பிசகாமல் கீறலின் உயரம்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் வண்டியை மெயின் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

"சார், என் வண்டி இடிக்கலை. நான் தள்ளிகினு வரப்போ எவ்ளோ ஜாக்கிரதையா வர்றேன் தெரியுமா? மெயின் ரோட்டுல ஏற்கனவே ரெண்டு வண்டி நிக்குது. அங்க போனா எனக்கு யாரு துணி குடுப்பாங்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அளவு பொய் சொல்லாது."

சாந்திக்கு அந்த மர நிழல்தான் கடை. அந்தத் தெருத் துணியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பேசிப் பார்த்தோம். எல்லாருக்கும் டார்ச் அடித்துக் கீறலைக் காட்டியதுதான் மிச்சம். எனக்கு அவர்மேல் நல்ல கோபம். பஸ்ஸில் போகிறவரின் காருக்காக ஒருத்தி பிழைப்பில் கை வைப்பதா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த உடையிலேயே தெருவைக் கூட்டினார். தான் நியாயமானவர், நிரூபித்துவிட்டுத்தான் தண்டிப்பாராம். தடங்கல் இல்லாமல் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சாந்தியின் வண்டியை எதிர்ப்பக்கம் என் வீட்டு வாசலுக்குத் தள்ளச் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளினாள். கூட்டம் காரைச் சுற்றி நின்றது. ஆனால் காலையிலிருந்து புங்கம்பூ உதிர்ந்து, கீறல் தூசிக்குள் போயிருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று பையிலிருந்து துணியை எடுத்தார். தினமும் துடைக்கிறபடியே முன்சக்கரத்தை ஒட்டி நின்று, பானெட்டின் நடுவரை எட்டும்படி நன்றாகச் சாய்ந்து, நேர்கோட்டில் இழுத்தார்.

'கிறீச்' என்று ஒரு சத்தம்.

அவர் அப்படியே சாய்ந்தபடி நின்றார். நிமிர்ந்தால் என்ன தெரியும் என்பது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்ல நிமிர்ந்தார். பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே நீளத்தில் புதுசாக ஒன்று. அதற்கு நேரே, அவர் வயிற்றில், ஆபீஸுக்கும் சர்ச்சுக்கும் போட்டுக்கொள்கிற பெல்ட்டின் பெரிய பித்தளை பக்கிள் வெயிலில் மினுமினுத்தது.

ஸ்டெல்லா அக்காதான் பேசினார்.

"வண்டி அங்க நிக்குது. கோடு இங்க விழுந்திருக்கு."

சிரிக்காமல் இருப்பதற்காக நான் வானத்தைப் பார்த்தேன். பால்காரர் தன் செருப்பைப் பார்த்தார். சார் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். "போ" என்று சொன்ன வாய் "இரு" என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே வரும்.

மறுநாள் சாந்தி வந்தாள். ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. காரிலிருந்து நாலு முழம் தள்ளி, பாதி வெயிலில் வண்டியை நிறுத்திக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார். அவள் அவரைப் பார்க்காமல் என் சட்டையைத் தேய்த்தாள். இன்றைக்குப் போகச் சொல்வாரா, நாளைக்குச் சொல்வாரா என்று தெரியாமலே அவளுக்கு நாட்கள் போயின.

ஒருநாள் மத்தியானம் வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. பெங்களூர் கோடைமழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் காற்று, பின்னாலேயே புளியங்கொட்டை பருமனில் ஆலங்கட்டி. சார் ஆபீஸில், அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். சாந்தி பெட்டியிலிருந்த தணலைச் சாக்கடையில் கொட்டினாள். துணி மூட்டைகளைச் சார் வீட்டு வராண்டாவில் போட்டாள். அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. வண்டிமேல் விரித்திருந்த கம்பளியை உருவிக்கொண்டு காருக்கு ஓடினாள். பானெட்டில் பாதிதான் மூடியது. திரும்பி ஓடி மூட்டையிலிருந்து பெட்ஷீட்டுகளை எடுத்து வந்தாள். அதில் இரண்டு என்னுடையவை, அப்போதுதான் தேய்த்தவை. காற்று எல்லாவற்றையும் தூக்கியது. உடனே வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். அதுவும் போதாமல் போக, இஸ்திரிப் பெட்டியையே தூக்கி அந்தக் கறுப்புக் காரின் தலைமேல் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலைமேல் ஆலங்கட்டி விழ விழ அவள் பெட்ஷீட் நுனியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

மழை ஓயும் நேரத்தில், ஆபீஸைப் பாதியில் விட்டுவிட்டு சார் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்தார். தெருமுனையில் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார். கார்மேல் செங்கல், செங்கலுக்கு நடுவில் இஸ்திரிப் பெட்டி. கீழே இறங்கிப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கலாமா என்று நான் யோசித்தேன்.

"ஐஸ் ஐஸா வுழுந்துச்சு சார்" என்றாள் சாந்தி. பல் தந்தியடித்தது. "பள்ளம் பள்ளமா ஆயிடுமேன்னு..."

அவர் காரிடம் வந்தார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கேட் ஓரத் திண்டில் வைத்தார். செங்கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார். அவை இருந்த இடத்தை அவர் குனிந்து பார்க்கவில்லை. கம்பளியை எடுத்து ஒரு நுனியைப் பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

"மொத்தமா நனைஞ்சிடுச்சேம்மா. நாளைக்கு எதுமேல தேய்ப்பே?"

"காஞ்சிடும் சார்."

"உள்ள வா. மொதல்ல தலையைத் துவட்டு. அக்கா வந்ததும் காப்பி போடச் சொல்றேன்."

மறுநாள் நல்ல வெயில். காலையில் அவரே காரை நிழலிலிருந்து வெளியே எடுத்து, நடுவெயிலில் நிறுத்தினார். காலியான நிழலுக்குச் சாந்தியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு அந்தக் கம்பளியை பானெட்மேல் விரித்துப் போட்டார். கரியும் அடுப்பு வாசனையும் தீய்ந்த ஓட்டைகளும் நிறைந்த கம்பளி.

"சார், பெயிண்ட்டு" என்றேன் மேலேயிருந்து. யாராவது ஒருவர் சொல்ல வேண்டுமல்லவா.

"கறுப்பு சீக்கிரம் சூடாகும் சார். பத்து மணிக்குள்ள காஞ்சிடும், பாவம் அந்தப் பொண்ணு வேலையைப் பார்க்கணும்" என்றார். அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பளியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் கோபப்பட எனக்கு அதற்கப்புறம் மனசு வரவேயில்லை.